பாறு மறைந்தபோது மனிதர் ஏன் இறந்தனர்? சூழல் மாற்றமும் உடல்நலமும்: ஓர் எளிய விளக்கம்

சுற்றுச்சூழல் கெட்டால் உடல்நலமும் கெடும் என்பதை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆலைப் புகையை நாள்தோறும் சுவாசிப்பவருக்கு மூச்சிரைப்பு வருகிறது. கழிவுநீர் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடித்த தெருவில் வயிற்றுப்போக்கு பரவுகிறது. சித்திரை வெயிலில் கட்டட வேலை செய்தவர் மயங்கி விழுகிறார். இவற்றில் காரணமும் விளைவும் அருகருகே நிற்கின்றன. ஆகவே பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடுகிறது. ஆனால் சூழலில் நேரும் மாற்றம் மனித உடலை வந்தடையும் வழிகளில் இது ஒரு பகுதிதான். மற்றொரு பகுதி நீண்ட சங்கிலியாக இயங்குகிறது. எங்கோ ஒரு கண்ணி அறுகிறது. சில ஆண்டுகள் கழித்து, அதனோடு சிறிதும் தொடர்பில்லாததாகத் தோன்றும் இன்னோர் இடத்தில் மனிதர்கள் நோயுற்று இறக்கிறார்கள். நடுவில் இருக்கும் கண்ணிகள் யார் கண்ணிலும் படாமல், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போய்விடுகின்றன.

இந்த இரண்டாம் வகைத் தொடர்பைப் புரிந்துகொள்ள, இந்தியாவில் நடந்த ஒரு நிகழ்வை முதலிலிருந்து முடிவுவரை பார்ப்பதே நல்ல வழி என்று நினைக்கிறேன். ஏனெனில் அதன் ஒவ்வொரு கண்ணியும் ஆய்வாளர்களால் தனித்தனியாக நிறுவப்பட்டிருக்கிறது. அதன் தொடக்கம் வலி நிவாரண மருந்து ஒன்று. அதன் முடிவு, ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பறவை.

அந்தப் பறவையைப் பிணந்தின்னிக் கழுகு என்று பொதுவாகச் சொல்கிறோம். தமிழில் அதற்கு எருவை, பாறு என்னும் பழைய பெயர்கள் உண்டு. இழிவுக் குறிப்பு ஏதும் இல்லாத பாறு என்ற பெயரைப் பறவை ஆர்வலர்கள் இப்போது மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நானும் அதையே பயன்படுத்துகிறேன். இந்தியாவில் 9 வகைப் பாறுகள் காணப்படுகின்றன. தமிழ்நாட்டில் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகிய நான்கும் அறியப்பட்டவை. திருக்கழுக்குன்றத்து மலையில் நண்பகலில் வந்து பண்டாரத்தின் கையிலிருந்து பொங்கல் பெற்று உண்ட ‘கழுகுகள்’ மஞ்சள்முகப் பாறுகளே. அந்தக் காட்சியை நேரில் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பாறுகள்தான் இப்போது வருவதில்லை.

பாறு வேட்டையாடுவதில்லை, இறந்த விலங்குகளின் உடலையே உண்டு வாழ்கிறது. தலையிலும் கழுத்திலும் இறகு குறைந்திருப்பதால், பிணத்துக்குள் தலையை நுழைத்து உண்டாலும் அழுக்கு அதிகம் ஒட்டுவதில்லை. அதன் இரைப்பை அமிலம் மிகவும் கடுமையானது. அழுகிய இறைச்சியில் இருக்கும் பெரும்பாலான நோய்க்கிருமிகள் அதைத் தாண்டிப் பிழைப்பதில்லை. வானில் வட்டமிடும் பாறு ஒன்று கீழே இறங்குவதைத் தொலைவில் இருக்கும் மற்றவை கண்டுகொண்டு அவையும் இறங்கும். இப்படிச் சேரும் கூட்டம் ஒரு முழு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும்.

இந்தப் பண்பு இந்தியாவுக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்பதை உணர, நம் கால்நடைகளின் எண்ணிக்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி நாட்டில் 53 கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகள் உள்ளன. மாட்டிறைச்சி உண்ணும் வழக்கம் பல பகுதிகளில் இல்லாததாலும், பல மாநிலங்களில் பசுவதை சட்டத்தால் தடுக்கப்பட்டிருப்பதாலும், பெரும் எண்ணிக்கையிலான மாடுகள் முதுமையாலோ நோயாலோ இறக்கின்றன. வட இந்தியாவின் சிற்றூர்களிலும் நகரங்களிலும் இறந்த மாட்டை ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட திடலில் கொண்டுபோய்ப் போடுவது வழக்கம். தோலுரிக்கும் தொழிலாளர்கள் தோலை எடுத்துக்கொள்வார்கள். பாறுகள் இறங்கி இறைச்சியைத் தின்று தீர்க்கும். காய்ந்த எலும்புகளை எலும்பு வணிகர்கள் பொறுக்கிச் செல்வார்கள். புதைக்கக் குழி வேண்டியதில்லை, எரிக்க உலை வேண்டியதில்லை, அரசுக்கு ஒரு காசு செலவில்லை. இத்தகைய சுகாதாரப் பணி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம்கூட யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. தடையின்றி நடக்கும் வேலையை யார்தான் கவனிக்கிறார்கள்?

1980-களில், கழுகு, பருந்து, பாறு ஆகிய பெரிய பறவைகளில் உலகிலேயே எண்ணிக்கையில் மிகுந்தது வெண்முதுகுப் பாறுவாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மட்டும் அக்காலத்தில் ஏறக்குறைய 350 இணைகள் கூடு கட்டின. 1990-களின் பிற்பகுதியில் அங்கே பணியாற்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ், கூடுகள் காலியாவதையும், மரக்கிளைகளில் அமர்ந்திருக்கும் பாறுகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பல நாள் அசையாமல் இருந்து பிறகு செத்து விழுவதையும் கண்டார். 2003இல் அப்பூங்காவில் ஓர் இணைகூட இல்லை. நாடு முழுவதும் இதே நிலைதான். 1992 முதல் 2007 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. அதாவது ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று எஞ்சியது. கருங்கழுத்துப் பாறும், இமயமலை அடிவாரத்தில் வாழும் மெல்லிய அலகுடைய அதன் உறவினமும் ஏறத்தாழ 97 விழுக்காடு அழிந்தன.

காரணம் எளிதில் பிடிபடவில்லை. புதிய வைரஸ் தொற்று ஒன்று பரவுகிறது என்று பலர் எண்ணினார்கள். பூச்சிக்கொல்லி மருந்துகளின் மேலும் சந்தேகம் எழுந்தது. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம், கல்லீரல், இதயத்தைச் சுற்றியுள்ள உறை என எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெண்மையான படிவு இருந்தது. அது யூரிக் அமிலம். பறவைகள் தம் உடலின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. நாம் அடிக்கடி பார்க்கும் பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதுதான். சிறுநீரகம் செயலிழந்தால் அது வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கி, உள்ளுறுப்புகளின் மேல் படிகமாகிவிடுகிறது. ஆக, சிறுநீரகத்தை ஏதோ ஒன்று கெடுக்கிறது என்பது தெரிந்தது. எது கெடுக்கிறது என்பதைப் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞரின் குழு கண்டறிந்து, 2004இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. சிறுநீரகம் செயலிழந்து இறந்த 25 பாறுகளைச் சோதித்தபோது, இருபத்தைந்திலும் டைக்ளோபினாக் என்னும் மருந்தின் எச்சம் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பாறுகளில் ஒன்றில்கூட அது இல்லை.

டைக்ளோபினாக் நமக்கு அறிமுகமான மருந்துதான். மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் மாத்திரையாகவும், ஊசியாகவும், தேய்க்கும் களிம்பாகவும் அதைப் பலரும் பயன்படுத்தியிருப்போம். 1990-களின் நடுவில் அதை மலிவாகத் தயாரிக்க உள்நாட்டு நிறுவனங்களுக்கு வழி திறந்தபோது, கால்நடை மருத்துவத்திலும் அது வேகமாகப் பரவியது. இங்கே சற்று நின்று, ஒரு தொழுவத்தைக் கற்பனை செய்து பார்க்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். கறவைப் பசுவுக்கு மடிவீக்கம். மடி கல் போல இறுகிச் சூடாக இருக்கிறது. கன்று முட்டினாலும் பசு உதைக்கிறது. இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. அந்த வீட்டின் அன்றாடச் செலவு அதன் பாலில்தான் நடக்கிறது. கால்நடை மருத்துவர் வந்து சில ரூபாய் விலையுள்ள ஓர் ஊசி போடுகிறார். மாலைக்குள் வீக்கம் தணிந்து பசு தவிடு தின்னத் தொடங்குகிறது. இதில் யாருடைய பேராசையும் இல்லை, யாருடைய கவனக்குறைவும் இல்லை. மருத்துவரும் உழவரும் செய்தது அவரவர் நிலையில் சரியான, இரக்கமுள்ள செயல். சூழல் அழிவு என்றாலே தீயவர் ஒருவரைத் தேடும் பழக்கம் நமக்கு இருப்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பசுக்கள் குணமடைந்துவிடும். அவற்றின் உடலிலிருந்து மருந்தும் சில நாள்களில் வெளியேறிவிடும். ஆனால் நோய் முற்றியிருந்த சில பசுக்கள், மருந்து உடலில் இருக்கும்போதே இறக்கும். அவற்றின் உடலும் அதே திடலுக்குத்தான் போகும். அந்த ஒரு பிணத்தின் மேல் பல பாறுகள் ஒன்றாக இறங்கும். மாட்டுக்கும் மனிதருக்கும் தீங்கு செய்யாத அளவு டைக்ளோபினாக், பாறுவின் சிறுநீரகத்தை ஒன்றிரண்டு நாளில் அழித்துவிடும். இதில் ஒரு கணக்கு என்னை எப்போதும் திகைக்க வைக்கிறது. பாறுகள் இந்த வேகத்தில் அழிவதற்கு, அவை உண்ணும் உடல்களில் எத்தனை நஞ்சாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கிடைத்த விடை: ஆயிரத்தில் ஒன்றிரண்டு முதல் ஏழெட்டு வரை இருந்தாலே போதும். உண்மையில் 2004-2005ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் இறந்த மாடுகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் பத்தில் ஒன்றில் அந்த மருந்து இருந்தது. இவ்வளவு சிறிய விகிதம் இவ்வளவு பெரிய அழிவைத் தந்ததற்குக் காரணம் பாறுவின் வாழ்க்கை முறை. அது கூட்டமாக உண்கிறது. ஐந்து வயதளவில்தான் இனப்பெருக்கம் செய்யத் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. ஆகவே முதிர்ந்த பறவைகளின் இறப்பு சற்றே கூடினாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய அதனால் முடிவதில்லை.

இதுவரை சொன்னது பறவையின் கதை. மனிதரின் கதை இனிதான் தொடங்குகிறது.

பாறுகள் போன பிறகும் மாடுகள் இறப்பது நிற்கவில்லை. திடல்களில் உடல்கள் சேர்வதும் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மறைந்த பிணம், இப்போது நாள் கணக்கில் கிடந்து, வெயிலில் ஊதி வெடித்து, ஈ மொய்த்து நாறியது. அந்த வேலையை ஏற்க வந்தவை தெருநாய்களும் எலிகளும். அவற்றால் பாறுகளைப் போல ஓர் உடலை முழுமையாகத் தின்று தீர்க்க முடியாது. எலும்போடு ஒட்டிய இறைச்சியை விட்டுவிட்டுப் போகும். பாறுவின் வயிற்றில் கிருமிகளின் பயணம் முடிந்துவிடும். நாயும் எலியுமோ கிருமிகளைச் சுமந்துகொண்டு குடியிருப்புக்குள் வரக்கூடியவை. இறைச்சி தாராளமாகக் கிடைத்ததால் நாய்களின் எண்ணிக்கை பெருகியது. 1992 முதல் 2003 வரை இந்தியாவில் நாய்கள் குறைந்தது 55 லட்சம் கூடியதாக, அனில் மார்க்கண்டேயா முதலிய பொருளியல் அறிஞர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. நாய் கூடினால் நாய்க்கடி கூடும். நாய்க்கடி கூடினால் ரேபிஸ் கூடும்.

ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லியாக வேண்டும். கடித்த இடத்தில் புகும் வைரஸ் நரம்புகளின் வழியே மெல்ல ஊர்ந்து, பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மூளையை அடைகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது. கடிபட்ட உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசித் தொடரையும், பல் பதிந்து தோல் கிழிந்திருந்தால் எதிர்ப்புப் புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியையும் போட்டுக்கொண்டால் இதைத் தடுத்துவிடலாம். நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த ஆண்டுகளில் அரசு மருத்துவமனைகளில் பரவலாக இருந்தது, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் வரை போடும் அந்த ஊசியின் வலிக்கு அஞ்சியே நடுவில் நின்றுவிட்டவர்கள் பலர். அதன் தயாரிப்பு 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான் நிறுத்தப்பட்டது. நாய்கள் பெருகிய காலமும், தடுப்பு வழி மிகவும் கடினமாக இருந்த காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. மேலே சொன்ன 2008ஆம் ஆண்டு ஆய்வு, பாறுகளின் அழிவால் 1992 முதல் 2006 வரை ரேபிஸ் நோயில் மட்டும் 47,000க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று கணித்தது.

ரேபிஸ் ஒரு வழி மட்டுமே. அழுகும் உடல்களிலிருந்து வடியும் நீர் மழையில் கரைந்து ஓடைக்கும் கிணற்றுக்கும் போகிறது. திடலில் இடமில்லாதபோது பிணங்கள் நேராகவே நீர்நிலைகளில் வீசப்படுகின்றன. இவ்வழியில் வரும் நோய்கள் பலவகைப்பட்டவை; எந்த ஒரு நோயையும் காட்டி ‘இது பாறு இல்லாததால் வந்தது’ என்று சொல்ல முடியாது. அப்படியானால் மொத்தப் பாதிப்பை எப்படி அளப்பது? ஏயல் பிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் இரு பொருளியல் ஆய்வாளர்கள் இதற்குக் கையாண்ட முறை எளிமையானது. முதன்முறையாக இத்துறையைப் படிப்பவரும் புரிந்துகொள்ளக்கூடியது. இந்தியாவின் மாவட்டங்களை அவர்கள் இரு வகையாகப் பிரித்தார்கள்: வாழிடத் தன்மையைப் பார்த்தால் முன்பு பாறுகள் மிகுதியாக இருந்திருக்கக் கூடியவை, தொடக்கம் முதலே அவை வாழ ஏற்றதாக இல்லாதவை. இரண்டாம் வகை மாவட்டங்களில் பாறு அழிந்ததால் எதுவும் மாறியிருக்க முடியாது. ஏனென்றால் அங்கே இழப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே அவை அளவுகோலாகப் பயன்பட்டன. டைக்ளோபினாக் மலிவாகப் பரவுவதற்கு முன் இரு வகை மாவட்டங்களிலும் மனித இறப்பு விகிதம் ஏறக்குறைய ஒரே போக்கில்தான் இருந்தது. அதன் பிறகு, பாறு மிகுந்திருந்த மாவட்டங்களின் விகிதம் மட்டும் தனியே பிரிந்து மேலே ஏறியது.

அந்த வேறுபாடு குறைந்தது 4.7 விழுக்காடு. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் கோடிக்கணக்கானோர் வாழும் மாவட்டங்களில், 2000 முதல் 2005 வரை, அது ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகளாக, மொத்தத்தில் சுமார் 5 லட்சமாக அமைகிறது. 2024இல் வெளியான இந்த ஆய்வு வேறு சான்றுகளையும் பொருத்திப் பார்த்தது. கால்நடை மிகுந்த நகர்ப்புறப் பகுதிகளில் பாதிப்பு அதிகமாக இருந்தது. பாறு அழிந்த பிறகு ரேபிஸ் தடுப்பூசி விற்பனை உயர்ந்தது. நீர்நிலைகளின் தரம் குறைந்தது. ஒரே சான்றை வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்திருந்தால் நானும் தயங்கியிருப்பேன். பறவையை அறுத்துப் பார்த்த மருத்துவரின் சான்றும், நாய்களை எண்ணியவரின் சான்றும், இறப்புப் பதிவேட்டைப் படித்தவரின் சான்றும் ஒரே திசையைக் காட்டுவதுதான் இதை நம்பத்தக்கதாக்குகிறது.

ராஜஸ்தானிலோ உத்தரப் பிரதேசத்திலோ 2002இல் இறந்த ஒருவரின் சான்றிதழில் காரணமாக ரேபிஸ் என்றோ, வயிற்றுப்போக்கு என்றோ, வெறும் காய்ச்சல் என்றோ எழுதியிருக்கும். பாறு என்று எங்கும் எழுதியிருக்காது. எழுதிய மருத்துவர் தவறு செய்யவில்லை. அவர் பார்த்தது சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும்தான். சூழல் மாற்றத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு என்று ஆய்வாளர்கள் பேசும்போது அவர்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல் இதுவே. மருந்து பரவிய காலத்துக்கும் இறப்புகள் கூடிய காலத்துக்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தொழுவம் ஓரிடம், திடல் ஓரிடம், கடிபட்ட குழந்தையின் தெரு வேறோர் இடம். கால்நடைத் துறை, வனத்துறை, சுகாதாரத் துறை ஆகிய மூன்றின் கோப்புகளும் மூன்று கட்டடங்களில் இருக்கின்றன. மனிதர், விலங்கு, சூழல் ஆகிய மூன்றின் நலத்தையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்று சொல்லும் ‘ஒரே சுகாதாரம்’ என்ற கருத்து அண்மை ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றால் வலியுறுத்தப்படுவது இந்தப் பிரிவினையைச் சரிசெய்யத்தான்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் 2006இல் தொடங்கி ஒரு பூஞ்சை நோய் வௌவால்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. வௌவால்கள் இரவில் பயிர்ப் பூச்சிகளை உண்பவை. அவை போனதும் உழவர்கள் பூச்சிக்கொல்லியைக் கூடுதலாகத் தெளித்தார்கள். நோய் பரவிய வட்டாரங்களில் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு சுமார் 31 விழுக்காடும், விபத்துகளால் அல்லாத குழந்தை இறப்பு விகிதம் சுமார் 8 விழுக்காடும் உயர்ந்ததை அதே ஏயல் பிராங்க் 2024இல் காட்டினார். உயிரினம் வேறு, கண்டம் வேறு, சங்கிலியின் அமைப்பு மட்டும் ஒன்றே.

கண்ணி அறுவதால் மட்டுமன்றி, இல்லாத கண்ணி புதிதாகச் சேர்வதாலும் நோய் வரலாம். மலேசியாவில் 1998-99இல் நிப்பா வைரஸ் முதன்முதலாக வெளிப்பட்டது அப்படித்தான். பெரிய பன்றிப் பண்ணைகளின் கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள் நடப்பட்டிருந்தன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் கொட்டகைக்குள் விழுந்தன. அவற்றைத் தின்ற பன்றிகளுக்கும், பிறகு பன்றிகளைப் பராமரித்த தொழிலாளர்களுக்கும் நோய் தொற்றியது. தொடக்கத்தில் அதைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிவதற்குள் நோய் பரவிவிட்டது. நோயுற்ற 265 பேரில் 105 பேர் இறந்தார்கள். சங்கிலியைத் தவறாகப் படித்தால், செய்யும் தடுப்பும் வீணாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பாறுகளின் கதைக்குத் திரும்புவோம். ஓக்ஸ் குழுவின் ஆய்வு வெளியான இரண்டே ஆண்டுகளில், 2006இல், இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக் தயாரிப்பைத் தடை செய்தன. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்து சோதித்து உறுதிசெய்யப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். மாற்று கையில் இல்லாமல் உழவரிடம் தடையை மட்டும் நீட்டியிருந்தால் அது நிலைத்திருக்காது. இருந்தும் மனிதருக்கான டைக்ளோபினாக் பெரிய குப்பிகளில் விற்பனையானதால், அதையே மாடுகளுக்குப் போடுவது தொடர்ந்தது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். ஒரு மாட்டுக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே 2015இல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி அளவுள்ள ஒற்றை வேளைக் குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மாட்டுக்குப் போட வேண்டுமானால் சின்னஞ்சிறு குப்பிகளை வரிசையாக உடைக்க வேண்டும். விலையும் கூடும், பொறுமையும் தீரும். நடைமுறை அறிந்து எழுதப்பட்ட விதி அது.

பிறகு வந்த சிக்கல் வேறு மாதிரியானது. டைக்ளோபினாக் இருந்த இடத்துக்கு கீட்டோபுரோபன், அசிகுளோபினாக் முதலிய அதே குடும்பத்து மருந்துகள் வந்தன. இவற்றில் அசிகுளோபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது. இவ்விரண்டும் 2023இல்தான் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. ஒவ்வொரு மருந்தாகச் சந்தைக்கு வந்து, பறவைகள் இறந்து, ஆய்வு நடந்து, வழக்கும் கோரிக்கையும் எழுந்து, பத்தாண்டு கழித்துத் தடை வருவது என்ற இந்த வரிசையை மாற்றியாக வேண்டும். புதிய கால்நடை வலி நிவாரணி எதுவாயினும், பாறுகளுக்குத் தீங்கில்லை என்று காட்டிய பிறகே அதற்கு உரிமம் தரப்பட வேண்டும் என்று பறவை அறிஞர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கை பறவைகளுக்கான சலுகையாகப் பார்க்கப்படுகிறது. 5 லட்சம் இறப்புகளைப் படித்தபின் அதை மக்கள் நலவாழ்வுக்கான கோரிக்கை என்றே நான் பார்க்கிறேன்.

அரியானாவின் பிஞ்சோரில் உள்ள இனப்பெருக்க மையத்தில் கூண்டில் வளர்த்த பாறுகள் சிறு சிறு எண்ணிக்கையில் காட்டில் விடப்படுகின்றன. தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளுக்கு இடையே ஓடும் மாயாற்றின் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் கூடு கட்டி வாழும் முதன்மையான இடம். ஆற்றங்கரையில் உயர்ந்து நிற்கும் நீர்மருத மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைக்கின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலக் காடுகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தாலும் எல்லா வகைப் பாறுகளும் சில நூறுகளைத் தாண்டுவதில்லை.

அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள நீலகிரி, ஈரோடு மாவட்ட ஊர்களில் மாடு வளர்ப்பவர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்குச் சொல்ல இரண்டு செய்திகள் உண்டு. மாட்டுக்கு வலி ஊசி போட வேண்டிய நிலை வந்தால், மெலாக்சிகம் போடலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக் கடையில் தாமே வாங்கிப் போட வேண்டாம். வேறு ஏதேனும் வலி மருந்து போட்ட சில நாளில் மாடு இறந்துவிட்டால், அந்த உடலைத் திறந்த வெளியில் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மருந்து உடலில் இல்லாமல் இறந்த மாடு என்றால், அதைப் பாறுகளுக்கு விட்டுவைக்கலாமா என்று அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.